பீரியட்ஸ் முடிந்த பிறகும் ரத்தக்கறையா? 'எவ்வளவு' என்பதைவிட 'எப்போது' என்பது முக்கியம்!

மாதவிடாய் முடிந்து, தலைக்குக் குளித்து, வழக்கமான வேலைகளுக்குத் திரும்பி ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். திடீரென்று உள்ளாடையில் சின்னதாக ஒரு ரத்தக்கறை. 'இன்னும் தேதி வரலையே' என்று யோசிக்கும் பெண், அடுத்து கவனிப்பது கறையின் அளவை. பொட்டு அளவுதான் என்றால் மனம் சமாதானமாகிவிடும். 'உடம்புச் சூடா இருக்கும்' என்று இளநீர் குடிப்பார், வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடுவார், இரண்டு நாளில் மறந்தும்போவார். நாப்கின் நனையும் அளவுக்குப் போனால்தான் டாக்டர் நினைவே வரும்.

பல பெண்களைத் தவறவைப்பது இந்த அளவுக் கணக்குதான். இரண்டு மாதவிடாய்களுக்கு இடையே படும் ரத்தத்தைப் பொறுத்தவரை, எவ்வளவு பட்டது என்பதைவிட எப்போது பட்டது, எதற்குப் பிறகு பட்டது என்பதே மருத்துவர்களுக்கு அதிகம் உதவும் தகவல்.

மூன்று பெண்களை எடுத்துக்கொள்வோம். மூவருக்கும் ஒரே மாதிரி, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறை. முதலாமவர் 22 வயது கல்லூரி மாணவி. மாதவிடாய் தொடங்கிய 14-ம் நாள் கறை தெரிந்தது, மறுநாள் நின்றுவிட்டது. இரண்டாமவர் 29 வயது, இரண்டு குழந்தைகளின் தாய். கருத்தடைக்காக இரண்டு மாதங்களுக்கு முன் ஊசி போட்டுக்கொண்டவர். மூன்றாமவருக்கு 43 வயது. தாம்பத்திய உறவுக்குப் பிறகு மட்டும் கறை படுகிறது. இது மூன்றாவது முறை. முதலாமவருக்கு அநேகமாக எந்தச் சிகிச்சையும் தேவைப்படாது. இரண்டாமவருக்கு ஊசியின் பக்க விளைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மூன்றாமவர் இந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கறையின் அளவு ஒன்றுதான். மூவருக்கும் அது சொல்லும் செய்தி வெவ்வேறு.

எது இயல்பு?

முதலில் கணக்கைச் சரிசெய்துகொள்வது நல்லது. மாதவிடாய் சுழற்சி என்பது, ரத்தம் பட்ட முதல் நாளிலிருந்து அடுத்த மாதவிடாயின் முதல் நாள் வரை. 28 நாள் என்பது ஒரு சராசரிதான். 24 முதல் 38 நாள்களுக்குள் வந்தால் இயல்பு என்கிறது சர்வதேச மகப்பேறு மருத்துவர்கள் கூட்டமைப்பான ஃபிகோ. ரத்தப்போக்கு 8 நாள்கள் வரை நீடிக்கலாம்.

'ஒரே மாசத்துல ரெண்டு தடவை வந்துடுச்சு' என்று பயந்து வருபவர்கள் உண்டு. 1-ம் தேதி வந்து, மீண்டும் 25-ம் தேதி வந்தால், அது 24 நாள் சுழற்சி. காலண்டரில் ஒரே மாதம் என்பதால் இரண்டு முறையாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஆனால், 1-ம் தேதி வந்து 5-ம் தேதி முடிந்து, 13 அல்லது 18-ம் தேதி மறுபடி கறை தெரிந்து, பிறகு வழக்கம்போல மாதக் கடைசியில் மாதவிடாய் வந்தால், நடுவில் வந்தது இடைப்பட்ட ரத்தப்போக்கு. லேசாகப் பட்டால் அதை 'ஸ்பாட்டிங்' என்கிறார்கள்.

இன்னொரு விஷயம், ரத்தம் எங்கிருந்து வருகிறது என்பது. சிறுநீர்ப் பாதைத் தொற்றிலும் மூலத்திலும் ரத்தம் வரலாம். உள்ளாடையில் பார்க்கும்போது வித்தியாசம் தெரியாது. சிறுநீர் கழிக்கும்போது மட்டும் தெரிகிறதா, மலம் கழிக்கும்போது மட்டும் தெரிகிறதா என்று ஒன்றிரண்டு நாள் கவனித்தால் ஓரளவு புரிந்துவிடும். எங்கிருந்து வந்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம்தான்.

முதல் கேள்வி: கர்ப்பமா?

தாம்பத்திய உறவில் இருக்கும், குழந்தை பெறும் வயதில் உள்ள எந்தப் பெண்ணுக்கும் எதிர்பாராத ரத்தப்போக்கு வந்தால், மருத்துவர்கள் முதலில் செய்வது கர்ப்பப் பரிசோதனை. 'அதான் பீரியட்ஸ் வந்துச்சே, எப்படி கர்ப்பமா இருக்கும்?' என்று பலர் கேட்பார்கள். மாதவிடாய் என்று நினைத்ததே கர்ப்பகாலத்தின் ஆரம்ப ரத்தப்போக்காக இருந்திருக்கலாம்.

கரு கர்ப்பப்பையின் சுவரில் ஒட்டிக்கொள்ளும் நேரத்தில், அதாவது கருவுற்ற 10 முதல் 14 நாள்களில், சிலருக்கு லேசாகக் கறை படும். அடுத்த மாதவிடாய் வர வேண்டிய தேதியை ஒட்டியே இது வருவதால் குழப்பம் சகஜம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பெண்ணுக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் ரத்தம் படுகிறது. அவர்களில் பலருக்குக் கர்ப்பம் நல்லபடியாகத் தொடர்கிறது. சிலருக்கு அது கருச்சிதைவின் அறிகுறி.

தவறவிடவே கூடாதது, கரு கர்ப்பப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடும் நிலை. இதில் வெளியே படும் ரத்தம் மிகக் குறைவாக இருக்கும். ஆபத்து உள்ளே இருக்கிறது. குழாய் வெடித்தால் வயிற்றுக்குள் ரத்தம் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம் ஆகியவை ரத்தக்கறையோடு சேர்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும், காப்பர்-டி வைத்திருப்பவர்களுக்கும் கர்ப்பம் உண்டாவது அரிது. ஆனால், அப்படி உண்டானால் அது குழாயில் தங்க வாய்ப்பு அதிகம். அதனால் 'எனக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சே' என்று இவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

மருந்துக்கடையில் கிடைக்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையில், காலையில் முதல் சிறுநீரில் பார்த்துவிட்டால் சந்தேகத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இல்லை என்று காட்டி, ரத்தமோ வலியோ தொடர்ந்தால் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்துவார்கள்.

நடு மாதத்தில் ஒரு நாள் கறை

சினைப்பையிலிருந்து முட்டை வெளியேறும் நாளை ஒட்டி, ஈஸ்ட்ரோஜென் ஹார்மோன் அளவு சட்டென்று இறங்கும். அப்போது கர்ப்பப்பையின் உள்படலம் லேசாக உதிர்ந்து, சிலருக்கு ஓரிரு நாள் கறை தெரியும். இளஞ்சிவப்பாகவோ, பழுப்பாகவோ, வெள்ளைப்படுதலுடன் கலந்தோ இருக்கும். அடிவயிற்றில் ஒரு பக்கம் லேசாகச் சுருக்கென்று வலிக்கவும் செய்யலாம்.

முட்டை வெளியேறுவது அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாள்களுக்கு முன்பு. அதனால் 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு 14-ம் நாள் வாக்கிலும், 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு 21-ம் நாள் வாக்கிலும் இந்தக் கறை வரலாம். மூன்று மாதங்களுக்குத் தேதி குறித்துவைத்தால் ஒரே இடத்தில் வந்து நிற்பது தெரியும். அப்படித் தெரிந்தால் பயப்படத் தேவையில்லை. தேதி மாறி மாறி வந்தாலோ, மூன்று நாளுக்கு மேல் நீடித்தாலோ காரணம் வேறாக இருக்கலாம்.

மாத்திரை, ஊசி, காப்பர்-டி

கருத்தடை மாத்திரை தொடங்கிய முதல் மூன்று மாதங்களில் இடையே கறை படுவது சகஜம். உடல் பழகியதும் பெரும்பாலும் நின்றுவிடும். நன்றாகப் போய்க்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று பட்டால், முதலில் யோசிக்க வேண்டியது மாத்திரை ஏதாவது விட்டுப்போனதா என்பதை. வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்த நாள்களில் மாத்திரை சரியாகச் சேர்ந்திருக்காது. காசநோய்க்குக் கொடுக்கப்படும் ரிஃபாம்பிசின் மருந்தும், சில வலிப்பு மருந்துகளும் கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். இப்படிப்பட்டவர்களுக்குக் கறை படுவது, கருத்தடைப் பாதுகாப்பு குறைந்திருப்பதற்கான அடையாளமாகவும் இருக்கலாம்.

அரசு மருத்துவமனைகளில் 'அந்தரா' என்ற பெயரில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடப்படும் கருத்தடை ஊசியில், தாறுமாறான ரத்தப்போக்குதான் அதிகம் சொல்லப்படும் பக்க விளைவு. போகப்போகக் குறைந்து, சிலருக்கு மாதவிடாயே வராமலும் போகும். ஊசியை நிறுத்திவிட்டால் அதுவும் சரியாகிவிடும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பயம் குறையும். சொல்லாமல் விடுவதால்தான் பலர் ஓர் ஊசியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

காப்பர்-டி வைத்த முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் இடையே கறை படலாம். மாதவிடாயும் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஒரு வருடம் பிரச்னை இல்லாமல் இருந்து பிறகு திடீரென்று ரத்தம், வலி, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் என்று வந்தால், காப்பர்-டி இடம் மாறியிருக்கிறதா, தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பல வீடுகளில் பேசப்படாத இன்னொரு காரணம், பீரியட்ஸைத் தள்ளிப்போடும் மாத்திரை. கல்யாணம், கோயில் பயணம், கிரகப்பிரவேசம் என்றால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். 'அந்த மாத்திரை குடு தம்பி' என்றால் கடைக்காரரும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். பெரும்பாலும் அது நோரெத்திஸ்டிரோன் என்ற ஹார்மோன். மாதவிடாய்க்குச் சுமார் மூன்று நாள்கள் முன்பே தொடங்கி, வேளை தவறாமல் சாப்பிட வேண்டிய மருந்து. ஒரு வேளை தவறினாலும் கறை படலாம். நிறுத்திய இரண்டு, மூன்று நாள்களில் மாதவிடாய் வந்துவிடும். கால் நரம்பிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த பிரச்னை இருந்தவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது. அடிக்கடி சாப்பிட்டுவிட்டு, 'என் சுழற்சி ஏன் குழம்புது?' என்று கேட்பவர்கள், மருத்துவரிடம் இந்த மாத்திரையைப் பற்றி மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

உறவுக்குப் பிறகு படும் ரத்தம்

வெட்கத்தால் அதிகம் மறைக்கப்படுவது இதுதான். கணவரிடம்கூடச் சொல்லாமல் மாதக்கணக்கில் இருந்துவிடும் பெண்கள் உண்டு.

உறவுக்குப் பிறகு ரத்தம் படுவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது கர்ப்பப்பையின் வாய்ப்பகுதி. அங்கே தொற்று இருக்கலாம். கிளமிடியா, கொனோரியா போன்ற தொற்றுகள் பல பெண்களுக்கு வேறு அறிகுறியே காட்டாது. சரியான மருந்தில் குணமாகிவிடும், ஆனால் கணவரும் சேர்ந்து சிகிச்சை எடுக்க வேண்டும். விட்டுவைத்தால் கருக்குழாய் பாதிக்கப்பட்டு, பிறகு குழந்தைப்பேற்றில் சிக்கல் வரலாம். சிறு சதை வளர்ச்சியான பாலிப் இருக்கலாம். கர்ப்பப்பை வாயின் உள்பக்கத் தோல் வெளிப்பக்கம் தெரியும் சாதாரண மாற்றமாகவும் இருக்கலாம். மாதவிடாய் நிற்கும் வயதில் பிறப்புறுப்பு வறண்டு, உரசி ரத்தம் படுவதும் உண்டு. இவை எதுவும் உயிருக்கு ஆபத்தானவை அல்ல.

ஆனால், கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயும் இதே அறிகுறியோடுதான் தலைகாட்டும். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் இதற்கு. 2022-ம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இது புதிதாக வந்திருக்கிறது. சுமார் 80,000 பேர் இறந்திருக்கிறார்கள். இத்தனைக்கும் இது மெதுவாக வளரும் நோய். ஹெச்.பி.வி என்ற வைரஸ் தொற்றியதிலிருந்து புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்துவிட்டால் முழுமையாகத் தடுக்க முடியும்.

அது வெறும் பேச்சில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2000-ம் ஆண்டு தொடங்கி, திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அம்பிளிக்கை மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் மையம், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஆகியவை சேர்ந்து நடத்திய ஆய்வு அது. 30 முதல் 59 வயது வரையுள்ள சுமார் 49,000 பெண்கள் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டார்கள். வந்தவர்கள் சுமார் 31,000 பேர். பயிற்சி பெற்ற செவிலியர்கள், கர்ப்பப்பை வாயில் வினிகரில் இருப்பது போன்ற அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறும் இடம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். முடிவு சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அழைக்கப்படாத ஊர்களோடு ஒப்பிட்டால், அழைக்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் நேர்ந்த இறப்பு 35 சதவீதமும் குறைவாக இருந்தன. 2007-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இந்த முடிவு வெளியானது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த பரிசோதனையின் பலன் இது.

அதே பரிசோதனை இப்போது 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகச் செய்யப்படுகிறது. ஆனாலும், 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் இதை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 10 சதவீதம்தான். நாடு முழுக்க எடுத்தால் 2 சதவீதம்கூட இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முகாம்களில் செய்யும் பரிசோதனை, எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களுக்கானது. ரத்தம் படும் பெண், 'போன வருஷம் கேம்ப்ல நார்மல்னு சொன்னாங்க' என்று இருந்துவிடக் கூடாது. அவருக்கு மருத்துவர் நேரில் பார்க்கும் பரிசோதனை தேவை. ஹெச்.பி.வி தடுப்பூசி போட்டவர்களுக்கும் இது பொருந்தும். அந்த வைரஸின் முக்கியமான வகைகளைத் தடுப்பூசி தடுக்கும், எல்லா வகைகளையும் அல்ல.

கர்ப்பப்பையின் உள்ளே என்ன நடக்கிறது?

இயல்பு மீறிய ரத்தப்போக்குக்கான காரணங்களை ஃபிகோ அமைப்பு 2011-ல் ஒன்பது வகைகளாகப் பிரித்தது. பாலிப், கர்ப்பப்பைத் தசைக்குள் உள்படலம் வளரும் அடினோமயோசிஸ், ஃபைப்ராய்டு கட்டி, புற்றுநோயும் அதற்கு முந்தைய மாற்றங்களும் என ஸ்கேனிலோ திசுப் பரிசோதனையிலோ பிடிபடுபவை நான்கு. ரத்தம் உறைவதில் குறை, முட்டை வெளியேறுவதில் கோளாறு, உள்படலத்திலேயே பிரச்னை, மருந்துகளால் வருவது, மற்றவை என்பன மீதி ஐந்து.

இடைப்பட்ட ரத்தப்போக்கில் அடிக்கடி சிக்குவது பாலிப். விரல்நுனி அளவுகூட இருக்காது, ஆனால் மாதா மாதம் கறை படவைக்கும். ஃபைப்ராய்டு என்றதும் பயப்படுபவர்கள் அதிகம். அது கர்ப்பப்பையின் வெளிப்பக்கம் இருந்தால் ரத்தப்போக்கைப் பெரும்பாலும் பாதிக்காது. உள்படலத்தை ஒட்டியிருக்கும் சிறு கட்டிதான் தொந்தரவு கொடுக்கும். இங்கேயும் அளவைவிட இடமே முக்கியம்.

பி.சி.ஓ.எஸ் இருப்பவர்களுக்கு முட்டை ஒழுங்காக வெளியேறாததால், உள்படலம் தடித்துப்போய் அவ்வப்போது உதிரும். மாதக்கணக்கில் மாதவிடாய் வராமல், பிறகு நாள்கணக்கில் விடாமல் படும். தைராய்டு கோளாறும், புரோலாக்டின் ஹார்மோன் கூடுதலாக இருப்பதும் சுழற்சியைக் குழப்பும். இந்தியாவில் கர்ப்பப்பையைப் பாதிக்கும் காசநோயையும் மருத்துவர்கள் மனதில் வைத்திருப்பார்கள். இருமல் இல்லாமலே இது வரலாம். ஒழுங்கற்ற ரத்தப்போக்கு, குழந்தையின்மை என்று வருபவர்களிடம்தான் பல நேரம் கண்டுபிடிக்கப்படுகிறது.

'மெனோபாஸ் டைம்... அப்படித்தான் இருக்கும்'

40-ஐத் தாண்டிய பெண்களுக்கு வீட்டில் கிடைக்கும் பதில் இது. 'நிக்கிற நேரத்துல இப்படித்தான் ஆட்டம் காட்டும், எனக்கும் இருந்துச்சு' என்று அக்காவோ அத்தையோ சொல்லிவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். அந்த வயதில் மாதவிடாய் தள்ளிப்போவதும், கூடிக் குறைவதும் உண்மைதான். ஆனால், நடு நடுவே படும் ரத்தத்தையும் அதே கணக்கில் எழுதிவிட முடியாது. 45 வயதுக்கு மேல் இப்படி வந்தால், கர்ப்பப்பையின் உள்படலத்திலிருந்து துளி திசு எடுத்துப் பரிசோதிப்பது வழக்கம். உடல் பருமன், சர்க்கரை நோய், நீண்ட நாள் பி.சி.ஓ.எஸ் உள்ளவர்களுக்கும், மார்பகப் புற்றுநோய்க்காக டாமோக்சிபென் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் கூடுதல் கவனம் தேவை. அவர்களுக்கு உள்படலப் புற்றுநோய்க்கான வாய்ப்பு அதிகம்.

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால் அதுதான் மெனோபாஸ். அதற்குப் பிறகு ஒரு துளி பட்டாலும் பரிசோதனை அவசியம். இப்படி வருபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் புற்றுநோய் அல்ல. மீதி ஒருவரை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பதற்காகத்தான் பத்துப் பேரையும் வரச் சொல்கிறார்கள். 60 வயதுப் பாட்டி, 'திரும்பப் பட்டுச்சும்மா' என்று கூச்சத்தோடு சொன்னால் வீட்டில் யாரும் சிரிக்கக் கூடாது.

திருமணமாகாத பெண்களுக்கு

பூப்பெய்திய முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் சுழற்சி ஒழுங்காக இருக்காது. அதற்காக 'எல்லாம் போகப்போகச் சரியாகிடும்' என்று அனைத்தையும் விட்டுவிடவும் முடியாது. ஆரம்பத்திலிருந்தே அதிக ரத்தப்போக்கு, அடிக்கடி மூக்கில் ரத்தம், சின்னக் காயத்திலும் ரத்தம் நிற்கத் தாமதம் என்று இருந்தால், ரத்தம் உறைவதில் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மகளிர் நல மருத்துவரிடம் போனாலே உள்பரிசோதனை செய்துவிடுவார்கள் என்ற பயத்தில் பல அம்மாக்கள் மகளை அழைத்துப்போவதில்லை. உறவில் ஈடுபடாத பெண்ணுக்குப் பொதுவாக உள்பரிசோதனையோ, பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனோ செய்ய மாட்டார்கள். நிறையத் தண்ணீர் குடிக்கவைத்து, வயிற்றின் மேல் வைத்துச் செய்யும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் ஆரம்பத்துக்குப் போதும். மருத்துவர் மகளிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சொன்னால், அம்மாக்கள் சங்கடப்படாமல் வெளியே காத்திருக்கலாம். உண்மையான பதில் கிடைத்தால்தான் சரியான சிகிச்சை கிடைக்கும்.

மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

கடைசி மூன்று மாதவிடாய்களின் முதல் தேதி. இடையே கறை பட்ட தேதிகள், எத்தனை நாள், எந்த நிறம். உறவுக்குப் பிறகு பட்டதா என்பது. சாப்பிடும் எல்லா மாத்திரைகள், போட்டுக்கொண்ட ஊசிகள், நாட்டு மருந்து உட்பட. வலி, காய்ச்சல், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், எடை மாற்றம் ஏதாவது உண்டா என்பது. கடைசியாகக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்த ஆண்டு. இவற்றை ஒரு தாளிலோ செல்போனிலோ எழுதிக்கொண்டு போனால், அவசரமான ஓ.பி.யில் கிடைக்கும் ஐந்து நிமிடமும் வீணாகாது.

'ரத்தம் நிக்கட்டும், அப்புறம் போகலாம்' என்று தள்ளிப்போடுவதும் வேண்டாம். லேசான கறை இருந்தாலும் மருத்துவர்களால் பார்க்க முடியும். பாப் ஸ்மியர் பரிசோதனையை மட்டும் தேவைப்பட்டால் வேறு நாளில் வைத்துக்கொள்வார்கள்.

கர்ப்பப் பரிசோதனை, ஹீமோகுளோபின், தைராய்டு, ஸ்கேன் ஆகியவை பெரும்பாலும் முதல் கட்டம். வயதையும் அறிகுறியையும் பொறுத்து திசுப் பரிசோதனையோ, கேமரா வழியாகக் கர்ப்பப்பையின் உள்ளே பார்க்கும் ஹிஸ்டெரோஸ்கோப்பியோ தேவைப்படலாம். ஹீமோகுளோபினைப் பார்ப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. அதே தேசியக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஏற்கெனவே ரத்தம் குறைவாக உள்ள உடலுக்குச் சிறு இழப்பும் சுமைதான்.

மருந்துக்கடையில் 'ரத்தம் நிக்கிற மாத்திரை' வாங்கிச் சாப்பிட்டால் கறை நிற்கலாம். ஆனால், காரணம் அப்படியே இருக்கும். வெந்தயத்துக்கும் இளநீருக்கும் இதே கணக்குதான். சாப்பிடுவதில் தவறில்லை, அதற்காக மருத்துவரைப் பார்க்காமல் இருப்பதுதான் தவறு. அதேபோல, யாராவது எடுத்த எடுப்பில் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று சொன்னால், காரணம் என்ன, திசுப் பரிசோதனை முடிவு என்ன, மாத்திரையோ ஹார்மோன் சாதனமோ போதாதா என்று கேட்கலாம். இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்கலாம். பாலிப்பை எடுக்கக் கர்ப்பப்பையை எடுக்கத் தேவையில்லை.

எப்போது உடனே போக வேண்டும்?

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் வீதம் முழுதாக நனைந்து, இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால். மயக்கமோ, படபடப்போ, கண் இருட்டுவதோ இருந்தால். கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலோ, ரத்தத்துடன் வலியும் சேர்ந்தால். காய்ச்சலும் அடிவயிற்று வலியும் துர்நாற்றமும் சேர்ந்து வந்தால். இவற்றில் எது இருந்தாலும் நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வண்டி இல்லையென்றால் 108-ஐ அழைக்கலாம்.

உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டாலோ, மெனோபாஸுக்குப் பிறகு பட்டாலோ, அளவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. மற்றபடி, இரண்டு, மூன்று சுழற்சிகளாக இடையே கறை பட்டுக்கொண்டே இருந்தால் அதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம்.

சிலிண்டர் மாற்றிய தேதி, பால்காரர் வராத நாள், பிள்ளைகளின் ஃபீஸ் கட்ட வேண்டிய நாள் எல்லாம் நம் வீட்டுக் காலண்டரில் இருக்கின்றன. மாதவிடாய் தொடங்கும் நாளுக்கு ஒரு வட்டம், இடையே கறை பட்ட நாளுக்கு ஒரு புள்ளி. அதற்கும் அதே காலண்டரில் இடம் கொடுங்கள்.